மன்னார்க் காற்றும் உப ஏகாதிபத்தியமும்

சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களில், அறுந்த பாவு இழையை முடிந்தபடி தறிக்குத் தறி நகர்ந்து, நெய்த அளவுக்கே கூலி பெற்று, அந்தக் கூலி உயரவேண்டுமென்று பலமுறை வேலைநிறுத்தமும் செய்திருக்கிற தொழிலாளிக்கும், இந்திய மூலதனம் அயல்நாடுகளில் காலூன்றுவதற்கும் சம்பந்தம் உண்டென்றால் பலர் நம்பமாட்டார்கள். அந்தச் சம்பந்தத்தைச் சித்தாந்தமாக வகுத்தவர் பிரேசில் தேசத்து ருய் மவுரோ மரினி (1932–1997).

உழைப்பவனுக்கு ஜீவனத்துக்கும் போதாத கூலி கொடுத்துத் தொழில் வளர்க்கும் நாட்டில், அவன் ஆக்கும் பண்டத்தை வாங்க அவனிடமே சக்தி இராது. ஆகவே பண்டமும் மூலதனமும் அண்டை நாடுகளை நாடிப் போகும். வல்லரசுக்கு அடங்கி நிற்கும் அதே நாடு, தன்னிலும் எளியோரிடம் ஆதிக்கம் செலுத்தும். இதையே உப ஏகாதிபத்தியம் என்றார் மரினி. 2009-ல் முதல் உச்சிமாநாடு கூட்டிய, இந்தியாவும் உள்ளிட்ட பிரிக்ஸ் நாடுகளுக்கும் இக்கருத்தைச் சிலர் பொருத்திப் பார்க்கிறார்கள்.

நமக்கு அருகிலுள்ள உதாரணம் இலங்கையின் மன்னார். அங்கும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம், போட்டி ஏலமின்றி அதானி நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்தியப் பிரதமரின் வற்புறுத்தல் இருந்ததாக 2022 ஜூனில் இலங்கை மின்சார சபைத் தலைவர் பார்லிமெண்டுக் குழு முன் கூறினார். இலங்கை ஜனாதிபதி அதை மறுத்தார். தலைவரும் சொன்னதைத் திரும்பப் பெற்று, சில நாட்களில் பதவி விலகினார். உண்மை எதுவாயினும், தமிழ் பேசும் மன்னார் மக்கள் தங்கள் மீன்பிடியும், வலசைப் பறவைகளின் வழியும் கெடுமென்று எதிர்த்தது பிரத்தியட்சம். இலங்கையில் பின்னர் அமைந்த புதிய அரசாங்கம் மின்விலையை மறுபரிசீலனை செய்ய முற்பட, 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

இந்தியா முழுவதும் இந்தச் சித்தாந்தத்துக்குள் அடங்கிவிடும் என்று நான் கருதவில்லை. மேற்கத்திய வற்புறுத்தலை மீறி ரஷ்ய எண்ணெய் வாங்கிய நாட்டை வெறும் ஏவலாள் என்பது நியாயமன்று. 2022-ல் இலங்கை பெட்ரோலுக்கும் மருந்துக்கும் தவித்தபோது ஏறக்குறைய 400 கோடி டாலர் உதவி போனதும், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது சீன நிறுவனம் என்பதும் மறக்கத்தக்கவையல்ல. ஆனால் செய்த உதவி, ஜனங்களின் சம்மதம் கேட்காமல் ஒப்பந்தம் போடும் உரிமையாகிவிடாது. பிரிக்ஸ் நாடுகள் பேசும் பல துருவ உலகம் நீதியானதா என்று தீர்மானிக்க விரும்பும் வாசகர்கள், மாநாட்டுத் தீர்மானங்களோடு மன்னார் மீனவரின் மனுவையும், நம் ஊர்த் தறித் தொழிலாளியின் கூலிச் சீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.