குப்பையில் முளைத்த விருந்தாளிகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் பிரயாணம் செய்தவர்களுக்கு அரியமங்கலம் என்றதும் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வரும். சுமார் 47 ஏக்கர் நிலத்தில், பல பத்தாண்டுகளாக நகரத்துக் குப்பை முழுவதும் அங்கே வந்து மலையாய்க் குவிந்தது. அந்த மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பெருவேலையை அண்மை ஆண்டுகளில்தான் மாநகராட்சியார் மேற்கொண்டனர். அம்மலையில் பெரும் பங்கு என்னவென்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டு அடுப்பங்கரையில் அரிந்தெறிந்த காய்கறித் தோலும் அழுகிய பழமுந்தான்!

இதை எண்ணியோ என்னவோ, அரியமங்கலம் போன்ற இடங்களில் கொல்லையில் ஒரு பழம்பானையை வைத்து எரு மக்கச் செய்யும் குடும்பங்கள் உண்டு. சாஸ்திரப்படி எருக்குவியல் நன்றாகச் சூடேற வேண்டும். அறுபது டிகிரியை எட்டினால்தான் அதிலுள்ள விதைகள் சாகும். பெரிய குவியலுக்கு அந்தச் சூடு வரும். வீட்டுப் பானைக்கு வருவதில்லை. அதனால் எருவைச் செடிக்கு இட்ட பத்தாம் நாள், யாரும் அழைக்காத விருந்தாளிகள் தலை நீட்டுகிறார்கள்.

முதலில் வருவது தக்காளி. அதன் விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறைதான் பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுக்கிறது. பானையில் புளிக்கும்போது அந்த உறை கரைந்துவிடுகிறது. தேர்ந்த விவசாயிகள் விதை எடுக்கும்போது சிரமப்பட்டுச் செய்யும் காரியத்தை, சோம்பேறியின் பானை தானாகவே செய்து முடிக்கிறது! ஆனால் கடையில் வாங்கியது ஒட்டுரகப் பழமானால், பிள்ளைகள் தாயைப் போலிரா. ஒரே பழத்தின் விதையில் ஒன்று உருண்டையாயும் மற்றொன்று நீளமாயும் காய்க்கும்.

சுரைக்கொடியின் கதை வேறு. பூப் பூவாய்ப் பூத்தும் பிஞ்சு இல்லையே என்று வீட்டம்மாள் வருந்துவாள். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. மேலும் சுரைப்பூ அந்தியில் மலர்வது. இரவில் திரியும் விட்டில் பூச்சிகளை நம்பியிருப்பது. விளக்கேற்றும் வேளையில் ஓர் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவின்மேல் தடவினால் போதும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தானாய் முளைத்த கொடியில் காய்த்த சுரைக்காயைச் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைச்சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. 2012-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியான நிபுணர் குழுவின் அறிக்கையும் இதையே எச்சரிக்கிறது. “மருந்துதானே, கசக்கட்டும்” என்ற வீறாப்பு இந்தக் காயிடம் செல்லாது.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை பப்பாளி. ஐந்தாறு மாதம் தண்ணீர் ஊற்றி, ஆளுயரம் வளர்த்த பின்புதான் அது ஆணா பெண்ணா என்று தெரியும். தண்டையொட்டிப் பூத்தால் பெண்; நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாய்த் தொங்கினால் ஆண். இந்தச் சங்கடம் வேண்டாமென்பவர்களுக்கு, எல்லா மரமும் காய்க்கும் கோ.7 போன்ற ரகங்களைக் கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் தந்திருக்கிறார்கள். ஆனாலும் குப்பையில் பிறந்த ஆண் மரத்தை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். சுற்றுப்புறத்துப் பெண் மரங்கள் பதினைந்து இருபதுக்கு அது ஒன்றே போதும். சில சமயம், பருவம் மாறும்போது, அதன் தொங்குகின்ற காம்பு நுனியிலேயே நாலைந்து சிறு பழங்கள் ஊஞ்சலாடுவதையும் காணலாம். அணில்கள் அவற்றை நமக்கு முன்பே கண்டுகொள்ளும்.