திமிங்கிலத்தின் தந்தம் சொல்லும் செய்தி

அறுபட்ட தேக்கு மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். அதுபோன்ற ஆண்டு அடுக்குகள் ஒரு விலங்கின் பல்லிலும் உண்டு.

வடதுருவக் கடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கிலமே அவ்விலங்கு. ஆண் நார்வாலின் மேல்தாடைப் பல் ஒன்று உதட்டைத் துளைத்து வெளிவந்து, முறுக்கிய ஈட்டிபோல் இரண்டு மீட்டருக்கு மேலும் வளர்கிறது. இதனையே தந்தம் என்கிறோம். ஆண்டுதோறும் இதில் ஓர் அடுக்கு படிகிறது. அவ்வாண்டு உடலில் சேர்ந்த பாதரசத்தில் சிறிதும் அதில் தங்கிவிடுகிறது.

தொழிற்சாலைகள் அரிதான பனிக்கடலுக்குப் பாதரசம் எப்படி வந்தது? நிலக்கரியை எரிக்கும்போதும், பாதரசத்தைக் கொண்டு பொன்னைப் பிரிக்கும்போதும் அது ஆவியாகிறது. பல மாதங்கள் காற்றில் மிதந்து துருவத்தை அடைகிறது. அங்கு நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரி, சிறுமீன், பெருமீன், திமிங்கிலம் என உணவுச் சங்கிலியின் படிதோறும் அதன் செறிவு பெருகுகிறது.

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அறிவது? பாதரச ஆவி 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை உட்கவரும். மாதிரியிலிருந்து வெளியேறும் ஆவியின் வழியே அக்கதிரைச் செலுத்தி, எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் பாதரசத்தின் அளவு தெரிந்துவிடும். இது வழக்கிலுள்ள முறைகளுள் ஒன்று.

வடமேற்குக் கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் வேட்டையாடிய நார்வால்களின் பத்துத் தந்தங்களை ஆராய்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். 1962 முதல் 2010 வரையான அடுக்குகளில், 2000க்குப் பின் பாதரசம் விரைவாக ஏறியிருந்தது. உணவு மாறியதுதான் காரணமோ? கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம் விலங்கு உண்டதைக் காட்டிக்கொடுக்கும். 1990ஐ ஒட்டி நார்வாலின் உணவு மாறியது உண்மையே. ஆனால் 2000க்குப் பின் ஏற்பட்ட ஏற்றத்தை உணவால் விளக்க இயலவில்லை. நிலக்கரிப் புகையும் தட்பவெப்ப மாற்றமும் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நார்வாலின் தோலும் கொழுப்பும் இனுயிட் மக்களின் பாரம்பரிய உணவு. காய்கனி அரிதான நிலத்தில் அவர்களுக்கு வைட்டமின் சி தருவனவற்றுள் அத்தோலும் ஒன்று. மெத்தில் பாதரசமோ கருவிலுள்ள குழந்தையின் மூளையைத் தாக்கக்கூடியது. அவர்களை உண்ணாதீர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் பாதரசத்தை அனுப்பியவர்கள் அவர்கள் அல்லர். புறப்படும் இடத்திலேயே அதைத் தடுக்க 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அது பயன் தருகிறதா என்பதை, இனிப் படியும் அடுக்குகளை அளந்தே அறியவேண்டும்.