காற்றில் யார் முறை?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் கூடத்தில் டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டிக்குள் நான்கு கருவிகள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஒன்று. வீட்டுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் நின்று முகவரி பார்த்து அனுப்பும் ரவுட்டர் இன்னொன்று. பின்பக்கத் துளைகளில் செருகும் கேபிள்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஸ்விட்ச் மூன்றாவது. கேபிளில் ஓடுவதை ரேடியோ அலையாகவும், வரும் அலையைத் திரும்பக் கேபிளுக்கும் மாற்றித் தரும் ஆக்சஸ் பாயின்ட் நான்காவது. மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றால் போதாமல் போயிருப்பது நான்காவது மட்டும்தான். மற்றவை வீட்டுக்கு ஒன்று போதும். ஆனால் கடையில் கேட்டால் நான்கையும் சேர்த்து ஒரு புதுப் பெட்டியாக, முடிந்தால் மூன்று பெட்டியாக, தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்டாக மாற்றிக்கொள்ளலாம். பல மாடல்களில் அதற்கென்றே 'ஏபி மோட்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தட்டினால் வேலை முடிந்தது. இல்லாதவற்றில் மூன்று காரியங்களைக் கையால் செய்ய வேண்டும். கீழ்ப்பெட்டியின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும்; பழையதற்கும் அதுவே இருந்தால் 192.168.1.2 என்பதுபோல் வேறொன்று கொடுத்து, அந்த எண்ணைக் கீழ்ப்பெட்டி வேறு யாருக்கும் வழங்காதபடி ஒதுக்கிவைக்க வேண்டும். பழையதன் டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்கு முகவரி வழங்கும் சேவையை நிறுத்த வேண்டும். கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருக வேண்டும், வேன் துளையில் அல்ல. வேனில் செருகினாலும் இணையம் வரலாம். ஆனால் மாடி தனி வலைப்பின்னலாகப் பிரிந்துபோய், மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் பிரின்டர் கண்ணில் படாது.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். போன் வைஃபையில் சேர்ந்ததும், தனக்கு முகவரி தருவது யார் என்று வலைப்பின்னல் முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. கீழ்ப்பெட்டியும் பதில் சொல்கிறது, பழைய ரவுட்டரும் பதில் சொல்கிறது. எந்தப் பதில் முந்துகிறதோ, பெரும்பாலும் அதைத்தான் போன் ஏற்கும். பழையது முந்திவிட்டால், 'வெளியே போக வேண்டுமானால் என்னிடம் வா' என்று சொல்லி ஒரு முகவரியையும் கொடுத்துவிடும். அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. போனில் கோடுகள் நிறைந்திருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. அடுத்த முறை கீழ்ப்பெட்டி முந்திவிட்டால் எல்லாம் சரியாக ஓடும். காலையில் வந்தது, சாயங்காலம் வரவில்லை என்ற வகைப் புகார்களில் இப்படிப்பட்டவையும் உண்டு.

கேபிளிலும் ஒரு கண் வேண்டும். கேட் 5இ வகை 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும், ஆனால் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காகக் கிரிம்ப் ஆகியிருந்தால்தான். நான்கு மட்டும் சேர்ந்திருந்தாலும் இணைப்பு வரும், 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். பழைய ரவுட்டரின் துளையே 100 மெகாபிட்தான் என்றால் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இவ்வளவும் கேபிள் பக்கத்துச் சங்கதி. காற்றுப் பக்கம்தான் சுவையானது.

கேபிளில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கம்பி. காற்றிலோ ஒரு சேனலில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வெளி; ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். முறை வைத்துக் கூப்பிட ஆளில்லை. பழைய ஈதர்நெட்டிலும் இதே சிக்கல் இருந்தது, ஆனால் அங்கே கருவி பேசிக்கொண்டே கேட்கவும் செய்யும். மோதல் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளும். வைஃபையில் அது நடவாது. 100 மில்லிவாட்டில் பேசும் ஓர் ஆக்சஸ் பாயின்டுக்கு இரண்டு அறை தள்ளியிருக்கும் போனிலிருந்து வந்து சேரும் குறி, அதன் சொந்தக் குரலைவிடச் சுமார் 30 கோடி மடங்கு மெலிந்தது. பேசும்போது அதற்குக் காது அடைத்துப்போகிறது. எனவே மோதலைக் கண்டுபிடிக்க முடியாது, வராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

சொத்துப் பிரிக்கக் கூடிய ஒரு குடும்பப் பஞ்சாயத்து இதற்குப் பொருந்தும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லோருக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. கேட்பவர் தாத்தா ஒருவர், அவர்தான் ஆக்சஸ் பாயின்ட். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பாய்ந்துவிடக் கூடாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அடிப்படை விதிப்படி 34 மைக்ரோ நொடி எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பேச நினைப்பவர் ஒவ்வொருவர் கையிலும் கண்ணை மூடி அள்ளிய புளியங்கொட்டை, ஒன்றுமில்லாததிலிருந்து 15 வரை எத்தனையும் இருக்கலாம். அமைதியாகக் கழியும் ஒவ்வொரு 9 மைக்ரோ நொடிக்கும் ஒரு கொட்டையைக் கீழே போடுகிறார்கள். கை காலியானவர் பேசலாம். அவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் மிச்சக் கொட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு, அவர் முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். இப்போதுதான் பேசி முடித்தவர் புதிதாக அள்ள வேண்டும். காத்திருந்தவர் கையிலோ கொட்டை ஏற்கெனவே குறைந்திருக்கிறது. நாட்டாமை இல்லாமலே ஒரு நியாயம் நடந்துவிடுகிறது.

பேசி முடித்த சித்தப்பாவுக்குத் தாம் சொன்னது எட்டியதா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு பேச்சு முடிந்து 16 மைக்ரோ நொடியில் தாத்தா 'சரி' என்று சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் 34 வரை காத்திருக்கக் கட்டுப்பட்டவர்கள், எனவே 16-இலேயே வந்துவிடும் அந்தச் 'சரி'யின் குறுக்கே யாரும் புக முடியாது. யாருக்கு முன்னுரிமை என்பதற்கு அறிவிப்பும் இல்லை, பட்டியலும் இல்லை. மௌனத்தின் நீளத்திலேயே அதை ஒளித்துவைத்திருக்கிறார்கள். வைஃபை விதிப்புத்தகத்தின் பல ஆயிரம் பக்கங்களில் இதற்கு ஈடான அழகு அதிகம் கிடையாது. 'சரி' வராவிட்டால் இருவர் சேர்ந்து பேசிவிட்டார்கள் என்று பொருள் கொண்டு, அடுத்த முறை 31 வரை அள்ளலாம், பிறகு 63, இப்படியே 1023 வரை. கூட்டம் கூடக்கூடப் பொறுமையும் தானாகக் கூடுகிறது.

இழுத்து இழுத்துப் பேசும் மாமா ஒருவரும் இருக்கிறார். அவருக்கும் எல்லோரையும் போல ஒரு முறைதான், ஆனால் அதே செய்தியைச் சொல்ல அவருக்குப் பத்து மடங்கு நேரம் பிடிக்கிறது. மாடியில் ஒற்றைக் கோட்டோடு தொங்கிக்கொண்டிருக்கும் போன் அவர்தான். குறி மெலிந்ததால் அது மெதுவாகப் பேசுகிறது, அந்த நேரம் முழுவதும் கூடத்து டிவியும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து சுவர் தாண்டிக் கேட்டால் அதற்கும் அடங்கியிருக்க வேண்டும். போதாததற்குத் தாத்தா, 102.4 மில்லி நொடிக்கு ஒரு தரம், தம் பெயரையும் தகுதிகளையும் உரக்க அறிவித்துக்கொள்கிறார். எந்தக் குடும்பத்திலும் இவ்வளவு ஒழுங்கு கிடையாது, எந்தத் தாத்தாவும் நொடிக்குப் பத்து முறை பெயர் சொல்வதில்லை. புளியங்கொட்டையை இதோடு பொறுக்கி வைத்துவிடலாம்.

ஆக, தட்டுப்பாடு சிக்னலில் இல்லை, பேசக் கிடைக்கும் நேரத்தில் இருக்கிறது. இரண்டாவது ஆக்சஸ் பாயின்டின் பலனும் இங்கேதான். மாடிக் கருவிகள் அருகிலேயே வேகமாகப் பேசி முடிக்கின்றன, வேறு சேனலில் பேசுவதால் கீழே இருப்பவர்களின் நேரத்தைத் தின்பதுமில்லை. கேபிள் இல்லாத சாதாரண ரிப்பீட்டர் இதைத் தருவதில்லை. வாங்கிய ஒவ்வொன்றையும் அதே சேனலில் அது மறுபடி சொல்கிறது. கோடுகள் கூடும், வேகம் பாதியாகும்.

சேனல் தேர்விலும் ஒரு பொறி இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் காட்டும்; ஒன்றுக்கொன்று இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், பேசவோ 20 வேண்டும். ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11. எல்லோரும் அங்கே நெருக்குகிறார்களே என்று 3-க்கு ஒதுங்கினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் வந்து விழும், எதுவும் சொல்லாகப் புரியாது. விருந்தினருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று வைஃபை பெயர்களைப் பெருக்குவதும் வீண் செலவு. பழைய 1 மெகாபிட் வேகத்தில் ஒரு பெயர் அறிவிப்புக்குச் சுமார் 2.5 மில்லி நொடி ஆகும். நான்கு பெயர் வைத்தால் யாரும் எதுவும் செய்யாமலே பத்தில் ஒரு பங்கு நேரம் போய்விடும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் அதை நன்றாகவே மறிக்கும்.

வரலாறு சொல்லாவிட்டால் குறை சொல்வார்கள். மோதினால் கண்டபடி ஒரு நேரம் காத்திருந்து மறுபடி பேசலாம் என்பதை நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட்டில் நடத்திக் காட்டியது. முதலில் கேட்டுவிட்டுப் பேசும் வழக்கம்கூட அதில் இல்லை. அதனால் வெளியின் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது என்று கணக்கே சொல்லிற்று. 802.11 தரநிலை 1997-இல் 2 மெகாபிட் வேகத்தோடு வந்தது. நடிகை ஹெடி லமார்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று ஆண்டுதோறும் சுற்றும் செய்தியைப் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம். 1942-இல் ஜார்ஜ் ஆன்தைலோடு சேர்ந்து அவர் பெற்ற அலைவரிசைத் தாவல் காப்புரிமை உண்மை. முதல் தரநிலையில் தாவல் ஒரு தேர்வாக இருந்ததும் உண்மை. இன்றைய வைஃபையில் அது இல்லை.

அட்டைப்பெட்டியில் அச்சிடும் எண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஏஎக்ஸ்3000 என்பது 2.4 அலைவரிசையின் 574-ஐயும் 5 அலைவரிசையின் 2402-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிய விளம்பரம். போன் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். அந்த ஒன்றிலும் காத்திருப்பு, 'சரி', மறுபேச்சு எல்லாம் கழிந்து பாதி கிடைத்தால் நல்லது. ஆன்டெனாவின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் பலமாக வீசும், தலைக்கு நேர் மேலே மெலிவாக. கீழ்ப்பெட்டிக்குச் சரியாக மேலே உள்ள அறையில் வைஃபை தடுமாறுவதற்குத் தளம் மட்டும் காரணமல்ல.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3, பழைய பெட்டியென்றால் டபிள்யூபிஏ2. அதில் டிகேஐபி என்ற பழைய முறையை விட்டுவைத்தால் வேகமும் 54 மெகாபிட்டைத் தாண்டாது. டபிள்யூஇபி மட்டுமே தெரிந்த பெட்டியைப் பரணிலேயே விடலாம்; அதன் பூட்டு 2001-இலேயே உடைந்துவிட்டது.

மாடிக்கும் கீழுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வெவ்வேறு சேனல் கொடுத்தால் போன் நடமாடும்போது மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. ஆக்சஸ் பாயின்ட் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கீழ்ப்பெட்டியின் குறி மாடிவரை அரைகுறையாக எட்டினால் போன் அதையே பிடித்துக்கொண்டு வரும். இரண்டின் அலைபரப்பு அளவையும் 'ஹை'யிலிருந்து 'மீடியம்' ஆக்கிவிட்டு, வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைத் திறந்துகொண்டு படியேறினால், எத்தனையாவது படியில் சேனல் எண் மாறுகிறது என்று தெரியும். மாடி அறைக்குள் போன பிறகும் மாறவில்லையென்றால் கீழ்ப்பெட்டியை இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும்.