எழுத்துத் திரையில் அறிவித்தல் காட்டல்: இழைகள் மோதாமல் இருப்பதற்கு

மாணவர்களே, பணிசெயல் முறைமை பற்றிய பாடத்தில் பல்பணி என்பதைக் கற்றிருப்பீர்கள். பல செய்நிரல்கள் ஒரே வேளையில் இயங்குவது போலத் தோன்றும் என்பது நீங்கள் அறிந்ததே. ஒரே செய்நிரலுக்குள்ளும் இவ்வாறு பல வேலைகள் நடைபெறலாம். அவ்வாறான ஒவ்வொரு வேலைத்தொடரும் இழை எனப்படும். ஒரு செய்நிரலின் இழைகள் யாவும் ஒரே நினைவகத்தையும் ஒரே திரையையும் பங்கிட்டுக் கொள்கின்றன. தொல்லை தொடங்குவதும் இங்கேதான்.

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பலசரக்குக் கடை இருப்பதாகக் கொள்வோம். காசாளரின் முன் படமோ சுட்டியோ இல்லாத கறுப்புத் திரை. அதில் 80 நிரல்களும் 25 வரிகளும் உள்ளன. முதலாவது இழை பில்லின் மொத்தத்தை 5ஆம் வரியில் எழுதுகிறது. இரண்டாவது இழை, கொட்டாஞ்சேனையிலுள்ள களஞ்சியத்திலிருந்து வரும் அறிவித்தல்களை 24ஆம் வரியில் காட்டுகிறது.

எழுத்துத் திரையில் ஒன்றை எழுதுவது ஒரு படி அன்று, இரண்டு படிகள். முதலில் நிலைகாட்டியை உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். பின்னர் எழுத வேண்டும். பஸ்காலில் கிரட் அலகைப் பயன்படுத்தியவர்கள் இதனை அறிவர்: முதலில் கோட்டுஎக்ஸ்வை, அடுத்து ரைட். இவ்விரு படிகளுக்கும் இடையில் பணிசெயல் முறைமை மற்றைய இழைக்கு மாறிவிடக்கூடும். அப்போது நடப்பதை வரிசையாக நோக்குக.

முதலாம் இழை நிலைகாட்டியை 5ஆம் வரிக்கு நகர்த்துகிறது.
இரண்டாம் இழை நிலைகாட்டியை 24ஆம் வரிக்கு நகர்த்துகிறது.
இரண்டாம் இழை "பால்மா முடிந்தது" என எழுதுகிறது.
முதலாம் இழை 1250.00 என எழுதுகிறது.

1250.00 எங்கே விழும்? நிலைகாட்டி அப்போது நிற்பது 24ஆம் வரியில். ஆகவே "பால்மா முடிந்தது1250.00" என்று திரையின் அடியில் தோன்றும். 5ஆம் வரியிலோ பழைய மொத்தமாகிய 850.00 அப்படியே இருக்கும். காசாளர் 850 ரூபாவை வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரை அனுப்பிவிடுவார். நினைவகத்திலுள்ள மாறியில் பெறுமானம் சரியாகவே இருக்கும். திரை மட்டுமே பொய் சொல்லும். அத்துடன் இவ்வழு எப்போதும் தோன்றாது. நூறு முறை ஓட்டிப் பார்த்தும் காணக் கிடைக்காமல், கடையில் கூட்டம் நிறைந்த மாலையில் தோன்றலாம். பரிசோதித்துப் பிடிப்பதற்கு மிகவும் கடினமான வழு வகை இது.

இதற்கு முதலில் எவருக்கும் தோன்றும் தீர்வு பூட்டு ஆகும். நகர்த்தும் படியையும் எழுதும் படியையும் ஒரு பூட்டினுள் வைத்தால், ஓர் இழை இரண்டையும் முடிக்கும்வரை மற்றையது காத்திருக்கும். ஆனால் அறிவித்தலைக் காட்டிய இழை, "ஏதேனும் விசையை அழுத்துக" என்று பூட்டைப் பிடித்தபடியே காத்திருந்தால் என்னாகும்? காசாளர் தேநீர் அருந்தி வரும்வரை முழுத் திரையும் உறைந்து நிற்கும். பத்து இடங்களில் பூட்டை இட்டுப் பதினோராவது இடத்தில் மறந்தாலும் பழைய வழு திரும்பிவிடும்.

ஆகவே சிறந்த வழி, திரைக்கு ஒரே ஓர் உரிமையாளர் இழையை வைப்பதாகும். மற்றைய இழைகள் திரையைத் தொடவே கூடாது. அவை தமது செய்தியை ஒரு வரிசையில் இட்டுவிட்டுத் தம் வேலையைத் தொடரும். உரிமையாளர் இழையின் போலிக் குறிமுறை பின்வருமாறு:

மீண்டும் செய்க
விசை அழுத்தப்பட்டிருந்தால் அதைக் கையாளுக
வரிசை வெறுமையாக இல்லையெனில் முதற் செய்தியை எடுத்து 24ஆம் வரியில் காட்டுக
நிலைகாட்டியைத் தட்டச்சு நடக்கும் இடத்துக்கு மீட்க
வெளியேறும் விசை அழுத்தப்படும் வரை

இங்கு விசைக்காகக் காத்து நிற்கக்கூடாது என்பதைக் கவனிக்க. ரீட்லைன் காத்து நிற்கும். கிரட் அலகின் கீபிரஸ்ட் சார்போ விசை அழுத்தப்பட்டதா எனப் பார்த்துவிட்டு உடனே திரும்பும். வரிசையும் பல இழைகள் பங்கிடும் ஒன்றே. ஆகையால் அதற்குள்ளே பூட்டு இருத்தல் வேண்டும். பைதனின் கியூ தொகுதியில் அது ஏற்கெனவே உள்ளது.

இது வெறும் கடைக்கணக்குச் சங்கதி என எண்ண வேண்டாம். தெராக்-25 என்ற கனேடியக் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் எழுத்துத் திரை முனையத்தின் மூலமே இயக்கப்பட்டது. 1985 முதல் 1987 வரை அதனால் 6 நோயாளிகள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். சிலர் அதனாலேயே இறந்தனர். 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், இயக்குநர் தவறாகத் தட்டிய ஓர் எழுத்தை விரைவாகத் திருத்தினார். திரையில் திருத்தம் தெரிந்தது. ஆனால் காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த மற்றைய பணி, ஏறத்தாழ 8 செக்கன் நேரத்துக்குள் நிகழ்ந்த அத்திருத்தத்தைக் கவனிக்கவில்லை. இரு பணிகள் பங்கிட்ட மாறிகளுக்கு முறையான காவல் இருக்கவில்லை.

பின்னர் திரையில் வந்த அறிவித்தல் "கோளாறு 54" என்பது மட்டுமே. அதன் பொருள் இயக்குநருக்குத் தெரியாது. இவ்வாறான அறிவித்தல்கள் அடிக்கடி வருவதும், ஒரே விசையை அழுத்தித் தொடர்வதும் அங்கு வழக்கமாயிருந்தன. அவர் அவ்வாறே தொடர்ந்தார். நோயாளிக்கு மீண்டும் கதிர்வீச்சுப் பாய்ந்தது. ஆகவே அறிவித்தலை எழுதும்போது எண்ணை மட்டும் இடாமல், என்ன நடந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பவற்றையும் எழுதுக. ஆபத்தான அறிவித்தலை மூடுவதற்கு, அன்றாடம் தட்டும் விசையையன்றி வேறொரு விசையை வைக்க.

பயிற்சி வினா: மேற்படி கடையின் செய்நிரலில் எழுதும் படி மட்டும் பூட்டினுள் உள்ளது, நிலைகாட்டியை நகர்த்தும் படி வெளியே உள்ளது. 1250.00 தவறான வரியில் விழுவது நீங்குமா? இரு இழைகளின் படிகளையும் ஒழுங்காக எழுதி விடையை நிறுவுக.