இயக்குநர் இல்லாத இசை நாடகம்

1976-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் 'மோதிரம்' ஆபரா தொடங்கித் திரை விலகியபோது, ரைன் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீர்மின் அணை நின்றது. பிரெஞ்சு இயக்குநர் பாட்ரீஸ் ஷெரோ பாட்டின் சொல்லையும் சுரத்தையும் தொடவில்லை. ஆனால் தேவர்களின் கதை ஆலை முதலாளிகளின் கதையாகிவிட்டது. முதல் ஆண்டு கூச்சலிட்டு எதிர்த்தார்கள். 1980-இல் கடைசியாக மேடையேறியபோது கைதட்டல் ஓய நெடுநேரம் பிடித்தது.

ஆபராவில் ஒரு கதைக்குப் புதுப்பொருள் தருவது இயக்குநரின் வேலை. நம் 'வள்ளி திருமண'த்துக்கு அதைச் செய்பவர் யார்?

போடிநாயக்கனூர் போன்ற தென்மாவட்ட ஊர்களின் திருவிழாக்களுக்கு அது ஸ்பெஷல் நாடகமாக வரும். அதில் நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியாக வரும் பபூன் இன்னோர் ஊர். பெரும்பாலும் அன்று மாலைதான் சந்திப்பார்கள். ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை. ஆனாலும் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் நாடகம் விடியும்வரை தடம் புரளாமல் ஓடுகிறது.

காரணம், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுவைத்த அடித்தளம். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய, சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனியில் ஒவ்வொரு வரியும் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடிதான். அந்தக் கட்டுப்பாடு ஸ்பெஷல் மேடைக்கு வரவில்லை. அவருடைய பாடல்கள் வந்தன. கலைஞர்கள் அனைவருக்கும் அவை மனப்பாடம். எந்தக் காட்சியில் எந்தப் பாட்டு என்பதும் தெரியும். ஸ்ருதி எத்தனை கட்டை என்று தெரிந்தால் போதும். முதல் அடியை எடுத்ததுமே ஹார்மோனியமும் மிருதங்கமும் பிடித்துக்கொள்ளும். பேச்சு எங்கே அலைந்தாலும் அடுத்த பாட்டுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் தர்க்கத்துக்கு எல்லை கிடையாது. தினைப்புனம் காக்கும் வள்ளியை நாரதர் வம்புக்கு இழுப்பார். பிறகு வேடன் வேடத்தில் முருகன் வருவான். அங்கே வள்ளி நாணிக் குனியும் சிறுமியா, கடவுளையே கேள்வியால் மடக்கும் மலைக்காரியா? அதை அந்த இரவில் ஸ்திரீபார்ட் முடிவு செய்கிறார். எதிரில் நிற்பவர் அதற்கு ஏற்பத் தன் முருகனை மாற்றிக்கொள்கிறார். முன்வரிசைச் சிரிப்பைப் பார்த்து இருவரும் இன்னும் கொஞ்சம் மாறுவார்கள். விடிந்தால் ஜீப் ஏறி போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் முன்னால், மலையில் தனியே காவல் நிற்கும் பெண்ணின் பதிலடி வேறு கனம் பெறும்.

பாட்டிலும் இந்தச் சுதந்திரம் உண்டு. பரண்மேல் நின்று வள்ளி கிளி ஓட்டும் 'ஆலோலம்' காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் கூப்பிடு குரல் தொலைவு போவது உயிரெழுத்துகளின் பலத்தால். வாயை அகலத் திறந்து நீட்டும் 'ஆ', 'ஓ' ஒலிகளில் ஆற்றல் அதிகம். மெய்யெழுத்துகளின் மெல்லிய உயர் அதிர்வுகளைக் காற்றும் இலைகளும் விழுங்கிவிடும். ஆபராப் பாடகரும் இயற்பியலைத்தான் நம்புகிறார். வாத்தியக் குழுவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் குவிய, அதை மீறிக் கேட்கப் பயின்ற ஆண் குரல் 3000 ஹெர்ட்ஸ் அருகே தனக்கொரு முகட்டை எழுப்பிக்கொள்ளும் என்று சுவீடன் அறிஞர் யோஹான் சுண்ட்பெர்க் காட்டினார். நம் செவி மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறத்தாழ அங்கேதான்.

மைக் இல்லாத நாளில், மைதானத்தின் கடைசி வரிசைக்குச் சொல் தேய்ந்தே போயிருக்கும். போய்ச் சேர்ந்தது நீட்டல். அதே 'ஆலோல'த்தை அதட்டலாகவும் இழுக்கலாம், விளையாட்டாகவும், யாரையோ எதிர்பார்ப்பது போலவும். மூன்றும் மூன்று வள்ளிகள்.

ஷெரோவின் அணை கட்டப்பட்டபின் ஐந்து கோடைகள் நின்றது. ஸ்பெஷல் நாடகத்தின் விளக்கம் இரவு இரண்டு மணிக்கு ஒரு பதிலடியில் பிறந்து, கலைஞர்கள் பஸ் ஏறும்போது கலைந்துவிடுகிறது. அச்சிட்ட புத்தகத்தில் அதைத் தேடிப் பயனில்லை. வள்ளி யார் என்று அறிய ஒரு நாடகம் போதாது. அடுத்த ஊரில் இன்னொரு ஸ்திரீபார்ட்டையும் பார்த்தாக வேண்டும்.