இலையில் வெட்டிய அம்பு: வேட்டைவில் தெரிவு பற்றிச் சில குறிப்புகள்

1

வேட்டைவில் ஒன்றினை வாங்குமுன் எவற்றை எவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும் என்னும் வினா இலக்கிய ஆய்வாளரிடம் கேட்கப்படுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். மஹய்யாவயில் வதியும் இளைஞர் ஒருவர், விற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டவர், வெளிநாட்டு விலைப்பட்டியல்கள் சிலவற்றை எம்முன் விரித்து வைத்து, இவற்றுள் எது சிறந்தது எனக் கேட்டார். ஒவ்வொரு வில்லின் பெயருக்கு எதிரேயும் அதன் அம்பு செக்கனுக்கு எத்தனை அடி பாயும் என்பது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவ்வெண்களை அவர் ஏறுவரிசையில் எழுதியும் வைத்திருந்தார். வில்லை இழுக்கப்போகும் தமது கையின் நீளத்தை மாத்திரம் அவர் எங்கும் குறித்திருக்கவில்லை.

அவ்வரிசையே எமது சிந்தனையைத் தூண்டிற்று. மனிதருக்கும் அவர்தம் உழைப்புக்கும் இடையிலான உறவொன்று, பொருளுக்கே இயல்பாக அமைந்த குணம்போலத் தோற்றம் பெறுவதை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ் பண்டத்தின் மாயத்தன்மையாக விளக்கினார். வில்லின் வேகம் என அச்சிடப்படும் எண்ணும் அத்தகையதே. இக்கூற்றை நிறுவுதற்கு வில்லின் வரலாற்றையும் அதன் தொழிற்பாட்டையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகும்.

2

வில் எளிய கருவியன்று. லூயிஸ் மோர்கனின் 1877ஆம் ஆண்டு நூலை அடியொற்றி 1884இல் ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலை எழுதிய எங்கெல்ஸ், வில், நாண், அம்பு ஆகிய மூன்றும் இணைந்த இக்கருவி நெடுங்கால அனுபவத்தையும் வேறு பல கண்டுபிடிப்புகளின் அறிவையும் வேண்டி நிற்பது என்பதைச் சுட்டினார். வேட்டையை ஒழுங்கான தொழிலாகவும் இறைச்சியை ஒழுங்கான உணவாகவும் ஆக்கியது இதுவே என்பதும் அவரது கருத்தாகும்.

எமது நாட்டில் இக்கருவியின் வரலாற்றுக்கு அரிய சான்றொன்று உண்டு. 1660இல் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்கள் அம்பு பெறும் முறையினை விவரிக்கிறார். வேடர் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் இலையொன்றை வெட்டி அதனருகே வைப்பர். கொல்லன் அவ்வடிவிலேயே அம்பினைச் செய்து அவ்விடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாதொழியின் இரவில் அவன்மீது அம்பெய்வர் எனவும் நொக்ஸ் எழுதுகிறார்.

இச்செய்தியை விந்தைக் கதையாகவே பலரும் எடுத்தாண்டுள்ளனர். எமக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இலையாகும். வேடன் இரும்பு உருக்க அறியான். அதற்குக் கொல்லனிலேயே தங்கியிருக்கிறான். அவ்வகையில் அவன் தன்னிறைவு பெற்றவன் அல்லன். ஆயினும் கருவியின் அளவை நிர்ணயிப்பவன் அவனே. எவ்விலங்கை, எத்தனை அடி தூரத்தில், எவ்வகைக் காட்டில் எய்யப்போகிறான் என்பது அவ்விலையின் நீளத்திலும் அகலத்திலும் அடங்கியிருந்தது. பரிமாற்றம் அங்கு உண்டு. ஆனால் பயன்பாடு பரிமாற்றத்துக்கு முன்னே செல்கிறது. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ‘வேடர்கள்’ என்னும் ஆய்வு, அக்காலத்தும் வேடர் தமது வில்லைத் தாமே செதுக்கி மரநாரினால் நாணேற்றியமையைப் பதிவு செய்கிறது. அம்புமுனைக்கான இரும்பு மாத்திரம் வெளியிலிருந்து வந்தது.

3

தமிழிலக்கியத்திலும் வில்லைத் தெரிதல் என்பது உடலோடும் வாழ்நிலத்தோடும் ஒட்டியதாகவே காணப்படுகிறது. ‘சிலை’ என்னும் சொல் வில்லுக்கும் ஒருவகை மரத்துக்கும் பெயராக வழங்கியமை, கருவி அதன் மூலப்பொருளிலிருந்து பிரித்துணரப்படாத நிலையினைக் காட்டும். பெரியபுராணத்தில் திண்ணனார் வில் பிடிக்கும் நாள் வேடர் குலம் முழுவதற்குமான விழாவாகச் சித்திரிக்கப்படுகிறது. வில் அங்கு தனியொருவரின் உடைமையாக மட்டும் அமையவில்லை. அவர் ஏற்கும் சமூகப் பொறுப்பின் அடையாளமாகவும் விளங்குகிறது.

இதற்கு மாறான போக்கொன்றும் உண்டு. புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்து, உடும்பிலே சென்று தைக்கிறது. பரிசில் நாடிவந்த பாணர் கூட்டம் கண்ட காட்சியாக இது அமைகிறது. வேட்டைத் தொழிலின் உண்மையான அளவுகள் இங்கு மறைந்து, வள்ளலின் பெருமைக்கு அளவுகோலாக வில் மாறிவிடுகிறது. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வினைக் கற்றோர், புகழ்ச்சிக்கும் கொடைக்கும் இடையிலான இவ்வுறவினை நன்கறிவர்.

எமது இளைஞர் நண்பரின் பட்டியலில் அச்சிடப்பட்டிருந்த வேகமும் ஒருவகைப் புகழ்ச்சிப் பாடலே எனலாம். ஆயினும் வேறுபாடொன்று மனங்கொள்ளத்தக்கது. வன்பரணரின் மிகை பாடுவோர், கேட்போர் இருசாராரும் அறிந்த மரபு. விலைப்பட்டியலின் மிகையோ அறிவியல் அளவீடு என்னும் தோற்றத்தில் வருகிறது. அவ்வளவீடு எவ்வாறு பெறப்படுகிறது என்பதை அறிவதற்கு இன்றைய வில்லின் தொழிற்பாட்டை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

4

கொம்பவுண்ட் வில் எனப்படும் இன்றைய கப்பி வில்லை அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தவரான ஹொலிஸ் வில்பர் அலன் உருவாக்கினார். 1966இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1969 டிசம்பரில் வழங்கப்பட்டது. மரம், கொம்பு, நரம்பு ஆகியவற்றை ஒட்டிச் செய்த ஆசியப் பழங்காலக் கூட்டு வில்லோடு இதனைக் குழப்புதல் தகாது. இதன் புதுமை, வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தியமையாகும்.

வேடரின் நெடுவில்லை இழுக்க இழுக்க அதன் எதிர்விசை கூடிக்கொண்டே செல்லும். முழுமையாக இழுத்துக் குறிபார்க்கும் வேளையிலேயே கை மிகப்பெருஞ் சுமையைத் தாங்குகிறது. கப்பி வில்லில் விசை விரைவாக உச்சத்தை எட்டிச் சிறிது தூரம் அவ்வாறே நின்று, இறுதியில் சடுதியாகத் தளர்கிறது. இத்தளர்வு இன்றைய விற்களில் பெரும்பாலும் 65 முதல் 90 சதவீதம் வரை அமையும். 60 இறாத்தல் உச்ச விசையும் 80 சதவீதத் தளர்வும் உடைய வில்லை முழுதாக இழுத்து நிற்பவர் தாங்குவது 12 இறாத்தல் மாத்திரமே. உச்ச விசை நீண்ட தூரத்துக்கு நிலைப்பதால், அதே உச்ச விசையுள்ள சாதாரண வில்லைவிட இதில் கூடிய சக்தி சேமிக்கப்படுகிறது.

இனி அச்சிட்ட வேகத்துக்கு வருவோம். பொதுவாகக் கையாளப்படும் அளவீட்டு முறையில், 70 இறாத்தல் இழுவிசையும் 30 அங்குல இழுப்பு நீளமும் உள்ளதாக வில் அமைக்கப்பட்டு, 350 கிரெயின் எடையுள்ள இலேசான அம்பு எய்யப்படுகிறது. 30 அங்குல இழுப்பு நீளத்துக்கு உரியவர் ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடையவராகவே பெரும்பாலும் இருப்பார். எமது நண்பரின் விரித்த கைகளை அளந்தோம். ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை 67.5 அங்குலம். அதனை 2.5ஆல் வகுப்பது வில்லாளர் வழக்கிலுள்ள எளிய முறை. விடை 27 அங்குலம். இழுப்பு நீளத்தில் ஓர் அங்குலம் குறைய ஏறத்தாழ 10 அடியும், இழுவிசையில் ஓர் இறாத்தல் குறைய ஏறத்தாழ 2 அடியும், அம்பின் எடையில் 3 கிரெயின் கூட ஏறத்தாழ ஓரடியும் வேகம் குறையும் என்பது அவர்களது அண்ணளவான கணக்கு. ஆகவே 330 என அச்சிடப்பட்ட வில், 27 அங்குல இழுப்பும் 60 இறாத்தல் விசையும் கொண்டு 420 கிரெயின் அம்பினை எய்யும் நண்பரின் கையில் 257 அடியளவிலேயே நிற்கும். மீதி 73 அடிக்கும் அவர் விலை கொடுக்கிறார். அது அவருக்கு ஒருபோதும் கிட்டுவதில்லை.

5

அவ்வாறாயின் ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குதல் தகும்? முதலாவது இழுப்பு நீளம். சாதாரண வில்லைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ இழுக்கலாம். கப்பி வில்லில் முழு இழுப்பின் எல்லை கப்பியின் அமைப்பினால் வரையறுக்கப்படுகிறது. அது உடலுக்கு மிஞ்சினால் முகத்தில் நாண் படியும் இடம் பிழைக்கும். நாண் முன்கையிலும் அடிக்கும். நீளத்தை மாற்ற இடமளிக்கும் கப்பியா, அன்றி வேறு கப்பி வாங்க நேருமா என்பதையும் வினவியறிதல் வேண்டும்.

இரண்டாவது இழுவிசை. நாற்காலியில் அமர்ந்து, வில்லை மேலே உயர்த்தாது குறியை நோக்கி நேராகப் பிடித்தவாறே இழுத்துப் பார்ப்பது சிறந்த சோதனையாகும். வானை நோக்கித் தூக்கினால் மாத்திரமே இழுக்க முடிகிறதெனின் அவ்வில் அவருக்குரியதன்று.

மூன்றாவது வில்லின் வடிவ அளவுகள். இரு கப்பிகளின் அச்சுகளுக்கிடையிலான நீளம் வேட்டைக்குரிய விற்களில் 28 முதல் 33 அங்குலம் வரையும், இலக்கெய்தும் போட்டிக்குரியவற்றில் பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலம் வரையும் இருக்கும். குறுகியது புதர்களிடையே கொண்டுசெல்ல வசதியானது. நீண்டது கையில் அசையாது நிற்பது. பிடிக்கும் நாணுக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்தால் அம்பு நாணோடு கூடிய நேரம் பயணித்து வேகம் பெறும். எய்பவரின் கைநடுக்கமும் அவ்வளவுக்கு அம்பிலே பதியும். 6 அங்குலத்துக்கும் 7 அங்குலத்துக்கும் இடையிலான வேறுபாடு, பழகுநரைப் பொறுத்தவரை, அச்சிட்ட வேகத்தின் வேறுபாட்டிலும் முக்கியமானது.

நான்காவது அம்பு. இலேசான அம்பு வேகமாகப் பாயும். பாரமான அம்பு உந்தத்தைக் கூடுதலாகக் காத்து இலக்கினுள் ஆழமாகச் செல்லும். இழுவிசையின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் 5 கிரெயினிலும் குறைந்த அம்பினை எய்தால் வில்லே பழுதடையும் ஆபத்து உண்டு. அம்பின்றி நாணை விடுதல் அதனினும் கேடானது.

ஐந்தாவது, பட்டியல்கள் பெரும்பாலும் பேசாத ஒன்று: பராமரிப்பு. கப்பி வில்லின் நாணையும் வடங்களையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். பெரும்பாலான விற்களில் இதற்கு வில்லை அமுக்கிப் பிடிக்கும் விசேட சாதனம் அவசியம். நாண் அறுந்தால் வேடன் மரநாரைத் திரித்துக்கொள்வான். கப்பி வில்லாளர் கடையை நாடுவார். அக்கடை கண்டியிலோ கொழும்பிலோ உண்டா என அறியாது வாங்குவது, வில்லோடு அதன் முடக்கத்தையும் சேர்த்து வாங்குவதாகும்.

6

இறுதியாக, ‘வேட்டைவில்’ என்னும் பெயரையே வினாவுக்கு உட்படுத்தல் தகும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்டது. கண்டியிலிருந்து பதினெட்டு வளைவுகளைக் கடந்து செல்லும் மகியங்கனைப் பாதைக்கு அப்பால், 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர்கள் தமது மரபுவழி வேட்டைநிலத்தை இழந்தனர். தம்பானையில் வில் இன்றும் உண்டு. அது பெரிதும் பார்வையாளர் முன் காட்டப்படும் பொருளாகிவிட்டது. வில்லை அறிந்தவனிடமிருந்து காடு பறிக்கப்பட்டது. காட்டை அறியாதவனுக்குக் காட்டின் பெயரால் வில் விற்கப்படுகிறது. இம்முரண்பாடு தற்செயலானதன்று.

இங்கு வாங்கப்படும் கப்பி வில்லுக்குரிய நியாயமான களம் இலக்குப் பலகையே. அக்களம் இழிவானதுமன்று. 2023இல் ஹாங்சௌவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இப்பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்திய வில்லாளர்களே வென்றனர். 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இவ்வில்லுக்குரிய கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே எமது நண்பருக்கு வேண்டியது புதரிடை புகும் குறுவில் அன்று. நீண்டு அசையாது நிற்கும், சற்று மெதுவான வில்லே. அவரது ஏறுவரிசையில் அது முதலிலிருந்தது.

மஹய்யாவ கண்டி மாநகரின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வழியினர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம். நண்பரும் அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். கைகளை அளந்து முடித்தபோது, ஈர்க்கு விளக்குமாற்றின் பிடி குட்டையானால் முதுகு வளைந்தே வேலை செய்ய நேரும், பிடியின் நீளத்தை எவரும் தம் தாயிடம் கேட்டதில்லை என்றார் அவர். கூலியுழைப்பின் பொதுவிதியை இதனினும் தெளிவாக எம்மால் கூற இயலாது. கருவியைத் தெரிபவர் ஒருவர், அதனோடு உழைப்பவர் வேறொருவர் என்னும் நிலையில், கருவியின் அளவு உடலின் அளவிலிருந்து விலகிவிடுகிறது. தன் பணத்தில் தனக்கென வாங்கும் வில்லிலும் அதே விலகலை ஒருவர் தாமாகவே ஏற்றுக்கொள்வாராயின், அது சந்தை கற்பித்த பழக்கமேயாகும்.

எனவே ஒப்பீடு பட்டியலிலிருந்து தொடங்குதல் தகாது. தன் கை, தன் தோள், தன் களம், தன் ஊர்க்கடை என்பவற்றை அளந்தெழுதிய பின்னரே பட்டியலைத் திறத்தல் வேண்டும். கொல்லனின் பட்டறைக்குச் சென்ற வேடன் தன் இலையை முன்கூட்டியே வெட்டிக்கொண்டு சென்றான் என்பதை நாம் மறத்தலாகாது.