மீன்தொட்டியில் ஒத்துவாழும் செடிகள்

பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையோ கிள்ளான் வீட்டு வரவேற்பறையோ, மீன்தொட்டி வைப்போர் கண்ணுக்கு அழகான செடிகளையெல்லாம் ஒன்றாக நட்டுவிடுகிறோம். சில வாரங்களில் பாதி அழுகிவிடும். என் முதல் தொட்டியும் அப்படித்தான் போனது. ஒரே அளவு ஒளியும் வெப்பமும் கேட்கும் செடிகளையே சேர்க்க வேண்டும்.

நம் வெயிலில் தொட்டி நீர் 28 பாகை செல்சியஸை எளிதில் எட்டும். அதைத் தாங்கி, குறைந்த ஒளியிலும் வளர்பவை இலங்கையின் கிரிப்டோகோரைன் வெண்டியும், மலேசிய ஓடைகளிலும் காணப்படும் ஜாவா பெரணியும். வெண்டியை மணலில் நடலாம். பெரணியின் கிழங்குத்தண்டைப் புதைத்தால் அழுகும். கல்லில் நூலால் கட்டுங்கள். இடச்சண்டையே வராது! வெண்டி புதிய நீரில் இலைகளை இழக்கக்கூடும். பிடுங்கிவிடாதீர்கள், வேர் நன்றாயிருந்தால் மீண்டும் துளிர்க்கும்.

தென் அமெரிக்கக் கபோம்பாவுக்கோ நிறைய ஒளி வேண்டும். அதற்காக விளக்கைக் கூட்டினால், மெதுவாக வளரும் இவ்விரண்டின் இலைகளிலும் பாசி படியும். பகாங்கின் சினி ஏரியில் பரவித் தொல்லை தருவதும் ஒரு கபோம்பா இனமே. சிறு தண்டுத் துண்டும் வேர்விடும். எனவே, வெட்டிய துண்டுகளைக் கால்வாயில் வீசாமல், நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.